கல்யாண போட்டோகிராபர் ஒருவர் ஸ்டாக் படம் விற்கத் தொடங்கியது: ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டாக் படம் என்றால், ஏஜென்சி எனப்படும் இணையதளங்களில் ஏற்றி வைத்து, விளம்பரத்துக்கோ கட்டுரைக்கோ தேடி வருபவர்கள் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும் படம், ஒவ்வொரு விற்பனைக்கும் எடுத்தவருக்கு ஒரு பங்கு வரும். இந்த ஆய்வில் வருபவர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். எனக்கு வேண்டியவர். பெயர் போடாமல் எழுதுகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கிய பிறகே எழுதுகிறேன். நான் அவருக்கு மூன்று வருஷம் முன்னால் இந்த வேலையில் இறங்கியவன், அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் என்னிடம் கேட்டார். சில இடங்களில் நான் சொன்னதும் தவறாகப் போனது, அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அவருக்கு வயது 44. பதினெட்டு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சித்திரை, வைகாசி முழுக்க ஒரு முகூர்த்தம்கூட இல்லை, வாங்கிய அட்வான்ஸையும் நாலு வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையில் ஒரு நிக்கான் டி750, ஒரு 50 எம்எம், ஒரு 24-120, இரண்டு ஃப்ளாஷ். அப்புறம் எட்டு ஹார்டு டிஸ்க் நிறையப் பழைய படங்கள்.

அவருடைய அக்கா மகன் சென்னையில் வேலை பார்த்தவன், ஊரடங்கில் ஊருக்கு வந்திருந்தான். அவன்தான் ஆரம்பித்து வைத்தது. "மாமா, இவ்வளவு படம் சும்மா கிடக்குதே, ஆன்லைன்ல ஏத்துனா தூங்கும்போதுகூட காசு வரும்" என்றான். இந்தத் தூங்கும்போது காசு என்ற பேச்சு யூடியூபில் நிறைய ஓடியது. ஸ்டாக் படம் விற்கும் ஷட்டர்ஸ்டாக் தளத்தை 2003-ல் ஜான் ஓரிங்கர் தொடங்கியபோது தானே எடுத்த 30,000 படங்களைத்தான் முதலில் போட்டார் என்று எங்கோ படித்துவிட்டு, நம்மிடம் அதைவிட அதிகம் இருக்கிறதே என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஓரிங்கர் போட்டது தனக்காக எடுத்த படங்களை. இவர் வைத்திருந்தது அடுத்தவருக்காகக் கூலிக்கு எடுத்த படங்கள். அந்த வித்தியாசம் அன்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

முதல் கட்டம்: டிஸ்க்கில் இருந்ததை ஏற்றியது

ஆகஸ்ட் 2020-ல் இரண்டு ஏஜென்சிகளில் கணக்குத் திறந்தார்கள். முதல் மாதம் 310 படங்கள் ஏற்றியதில் 74 மட்டும் தேறின.

நிராகரித்ததற்கான காரணங்களை நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை நாய்ஸ், அதாவது வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுக்கும்போது படத்தில் விழும் புள்ளிகள். மண்டபத்து வெளிச்சத்தில், கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றி வைத்து எடுத்த படம் ஆல்பத்தில் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் ஆல்பத்தில் அது சிறியதாகத்தான் அச்சாகிறது. ஏஜென்சியில் ரிவ்யூ செய்பவர் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பார், அங்கே நிழல் பகுதியெல்லாம் மணல் மணலாகத் தெரியும். அடுத்தது முகம் தெரிகிற படங்கள், மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவர் அதை விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள், கேட்டுத் திரும்பி வந்தன. அதற்கும் அடுத்தது, ஒரே காட்சியைப் பன்னிரண்டு விதமாக ஏற்றியது. கல்யாணத்தில் ஒரு தருணத்துக்குப் பத்து ஃப்ரேம் எடுப்பது பழக்கம், அதை அப்படியே ஏற்றினால் ஒரே மாதிரிப் படங்கள் என்று கொத்தாகத் தள்ளிவிடுகிறார்கள்.

ரிலீஸ் கேட்டபோது அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "பேரை எழுதி நாமளே ஒரு கையெழுத்துப் போட்டுட்டா என்ன தம்பி?" கூடாது என்றேன். அது போலிக் கையெழுத்து, கணக்கை மூடுவதோடு முடியாது, வழக்கு வந்தால் அவர் தலையில்தான் விழும். அந்த யோசனையை அன்றோடு விட்டார்.

நின்று யோசிக்க வைத்த போன்

தேறிய 74-ல் ஒன்று, மருதாணி வைத்த மணப்பெண்ணின் இரண்டு கை. முகம் இல்லாததால் ரிவ்யூவில் யாரும் ரிலீஸ் கேட்கவில்லை. படம் நன்றாகவே இருந்தது. அக்டோபரில் அவர் சந்தோஷத்தில் தன் படங்கள் இருக்கும் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். இரவு ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணின் அண்ணனிடமிருந்து போன். மருதாணிக்குள் மாப்பிள்ளை பெயர் எழுதியிருந்தது, அதை வைத்து வீட்டில் அடையாளம் கண்டுவிட்டார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு கையை யாரைக் கேட்டு விக்கிறீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் வரவில்லை. படத்தை அப்போதே நீக்கினார், மறுநாள் காலையில் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

"நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்?" என்பது அவருடைய கேள்வி. இங்கேதான் நானும் தவறியிருந்தேன், ஆரம்பத்திலேயே இதைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(பி) சொல்வது: ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டு எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். இவரிடம் ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஒரு பில் புத்தகம் மட்டும்தான். அதாவது எட்டு டிஸ்க்கில் இருந்த கல்யாணப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் அவரே இல்லை. ஏஜென்சியில் ஏற்றும்போது எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதான் ஏற்றுகிறோம், அதுவும் பொய்யாகிவிடுகிறது.

இந்தத் தொழிலில் இறங்கும் கல்யாண போட்டோகிராபர்கள் நிறைய பேர் இதே இடத்தில் இதே தவறைச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். கையில் இருக்கிற சரக்கு, அதைத்தான் முதலில் விற்கத் தோன்றும்.

எடுத்த முடிவுகள்

நவம்பரில் மூன்று பேரும் அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசினோம். வாடிக்கையாளருக்காக எடுத்த படங்கள் அத்தனையையும் நீக்குவது என்று முடிவானது. 74-ல் 61 போயின, மிச்சம் 13. அவருக்கு அது வலித்தது, மூன்று மாத வேலை. ஆனாலும் ஒரு படத்தைக்கூட விட்டுவைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. அந்தப் போன் அவரை அவ்வளவு உலுக்கியிருந்தது. பில் புத்தகத்தையும் மாற்றினார்: தனிக் கையெழுத்து இல்லாமல் எந்தப் படமும் விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ போகாது என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்.

சரி, இனி எதை எடுப்பது? இங்கே மருமகன் கேட்ட ஒரு கேள்விதான் வேலையைத் திருப்பிவிட்டது. தாராசுரம் கோயிலில் மாலை வெயிலில் எடுத்த ஒரு படத்தை அவர் ஆசையாகக் காட்டினார். அவன் பார்த்துவிட்டு, "படம் சூப்பர் மாமா, ஆனா இதை யாரு, எதுக்கு வாங்குவாங்க?" என்றான். அவரிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தோம். தாராசுரத்து அந்த ஐராவதேஸ்வரர் கோயில் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, உலகமே வந்து எடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதோடு அது தொல்லியல் துறை பராமரிப்பில் உள்ள இடம், ட்ரைபாட் வைக்கவே அனுமதி வேண்டும், விளம்பரத்துக்குப் பயன்படும் படமாக விற்பது சிக்கல். எடிட்டோரியலாக, அதாவது செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும் என்று போடலாம், ஊர், நாடு, தேதியோடு தலைப்பு எழுதி. போட்டோம். சும்மா இருந்தது.

அதே தேடலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வயதான தென்னிந்தியர் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு தன் வீட்டில் பிரஷர் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு படம் தேடினால், வந்ததெல்லாம் வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, யார் வீடு என்றே தெரியாத வீடு. நம் வீட்டுத் திண்ணையும் ஸ்டீல் டம்ளரும் பிளாஸ்டிக் நாற்காலியும் வருகிற படங்கள் ரொம்பக் குறைவு. அவருடைய அப்பாவுக்கு அப்போது 76 வயது, தினமும் பிரஷர் பார்ப்பவர். வீட்டிலேயே ஆளும் இடமும் இருக்கும்போது வேறு எங்கே போக வேண்டும்?

வீட்டில் எடுத்தவை

அப்பா, மனைவி, அக்கா, மருமகன். நாலு பேரும் ரிலீஸ் தாளில் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிக் கையெழுத்து நான். அப்பாவிடம் மட்டும் நான் தனியாக உட்கார்ந்து பேசினேன். உங்கள் முகம் மருந்துக் கம்பெனி விளம்பரத்தில் வரலாம், உங்களுக்கு இல்லாத வியாதி இருப்பதுபோல ஒரு கட்டுரைக்கு மேலே வரலாம், ஒருமுறை விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "நாலு பேருக்குப் பிரஷர் பார்க்கணும்னு தோணினா சரி" என்று போட்டார். குடும்பத்து ஆட்கள்தானே என்று இந்தப் பேச்சைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்து ஆளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்து வெளிச்சம், ஐஎஸ்ஓ 200, ரா ஃபைல். ஃப்ளாஷ் வேண்டாம் என்று நான் சொன்னது அவருக்கு ஒப்பவில்லை, பதினெட்டு வருஷப் பழக்கம். இரண்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே விட்டார். தோல் மெழுகு மாதிரி ஆகிற அந்த ஸ்மூத்திங்கை விட மட்டும் இரண்டு மாதம் ஆனது.

முதல் தொகுதியில் 40 படம் ஏற்றி 22 திரும்பி வந்தன. ஏன் என்று முதலில் புரியவில்லை. பிரஷர் மெஷினில் இருந்த கம்பெனிப் பெயரை அழித்திருந்தோம், மாத்திரை அட்டையைத் திருப்பி வைத்திருந்தோம். பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் சுவரில் நகைக்கடை காலண்டர். கடைப் பெயர் வியாபாரக் குறி, அதிலிருந்த முருகன் படம் யாரோ ஒரு ஓவியருடைய உரிமை. நம் வீடுகளில் காலண்டர் இல்லாத சுவர் ஏது, கண்ணுக்கே தெரியாமல் பழகிவிட்டது. அதற்குப் பிறகு படம் எடுக்கும் முன் சுவரைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பது அவருக்கு வழக்கமானது.

தலைப்பும் கீவேர்டும் (வாங்குபவர் தேடும்போது படம் கண்ணில் பட உதவும் சொற்கள்) ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை. மருமகன் ஆரம்பத்தில் ஒரே ஐம்பது சொற்களை எல்லாப் படத்துக்கும் ஒட்டிக்கொண்டிருந்தான், அழகு, இயற்கை, இந்தியா, பண்பாடு என்று. ஏஜென்சிகளில் ஒன்றான அடோபி ஸ்டாக்கில் முதல் பத்துச் சொற்களுக்குத்தான் எடை அதிகம், அங்கே அழகு என்று எழுதி என்ன பயன்? பிறகு ஒரு முறை பிடித்தார்கள். படத்தைப் பார்த்து அவர் தமிழில் வாய்விட்டுச் சொல்வார்: "வயசானவர், தனியா வீட்ல, பிரஷர் பார்க்கறார், பயமில்லாம இருக்கார்." அதை அவன் ஆங்கிலமாக்கி அந்த வரிசையிலேயே போடுவான். படத்தில் என்ன நடக்கிறது என்பது முதலில், பொருட்களின் பெயர் பிறகு, ஊர் கடைசியில். முதல் விற்பனை இந்த முறைக்கு வந்த ஏழாவது வாரம், பிரஷர் படத்துக்குத்தான், 10 சென்ட்.

வயலில் எடுத்தவை

2021 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு வயலில் பதினோரு பெண்கள் நாற்று நட்டார்கள். முந்தின நாளே போய்ப் பேசினார். ரிலீஸ் தாள் ஆங்கிலத்தில் இருந்ததால், அதில் என்ன இருக்கிறது என்று மருமகன் தமிழில் ஒரு பக்கம் டைப் செய்து கொடுத்தான், அதை வாசித்துக் காட்டினார். ஒரு அம்மா, "எங்க படத்தை வச்சு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். கடன் கொடுக்கிற கம்பெனி போடலாம், உரக் கம்பெனி போடலாம் என்று உள்ளதைச் சொன்னார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்களை ஃப்ரேமில் வராமல் பார்த்துக்கொண்டார். மற்ற ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 300 ரூபாயும் பிறகு ஒரு பிரிண்ட்டும் கொடுத்தார். அந்தக் காலைக்கான செலவு 2,700, அதைத் திரும்ப எடுக்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இருந்தாலும் அந்தச் செலவு சரிதான் என்பது என் கருத்து, அவருடையதும் அதுவே.

பெயரும் இனிஷியலும்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படிவங்கள் எல்லாம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், வங்கிக் கணக்கில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கிறது. மருமகன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி நிரப்பியிருந்தான். 2021 ஏப்ரலில் ஒரு ஏஜென்சியில் முதல் 25 டாலர் சேர்ந்து பணம் எடுக்கப் போனால், அடையாளச் சான்றும் கணக்கும் பொருந்தவில்லை என்று இரண்டு முறை திருப்பினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் பான் கார்டில் உள்ளபடியே மாற்றினோம், வங்கியில் போய் கேஒய்சி புதுப்பித்து, பேபாலிலும் அதே வரிசையில் எழுதி. பணம் கைக்கு வந்தது ஜூன் மாதம்.

வரிப் படிவமும் இதே பெயரில்தான் இருக்க வேண்டும். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்கப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தைக் குறித்தால், அமெரிக்காவில் நடந்த விற்பனைக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 30. இந்தப் படிவம் கையெழுத்திட்ட வருஷத்துக்குப் பிறகு மூன்று வருஷம் முடியும்வரைதான் செல்லும். 2020-ல் போட்டது 2023 டிசம்பர் 31-ல் காலாவதி. அறிவிப்பு மெயில் வந்திருந்தது, அவர் திறக்கவில்லை, 2024 பிப்ரவரியில் பிடித்தம் இரட்டிப்பானதைப் பார்த்துத்தான் தெரிந்தது. இங்கே வருமானவரி தாக்கல் செய்யும்போது, அங்கே பிடித்த வரியைக் கழித்துக்கொள்ள படிவம் 67 தனியாகக் கொடுத்தார்.

என்ன ஆனது

2023 கடைசியில் மூன்று ஏஜென்சிகளில் சேர்த்து 1,850 படங்கள். மாதம் 35-லிருந்து 50 டாலர், சில மாதம் 20-க்கும் கீழே. ரூபாயில் மூவாயிரம், நாலாயிரம். ஸ்டுடியோ கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் போக மீதி லென்ஸ் சர்வீஸுக்கு. 2021 ஆவணியிலேயே கல்யாணங்கள் திரும்ப வந்துவிட்டன, பிழைப்பு இப்போதும் அதுதான். தூங்கும்போது காசு என்ற பேச்சை மருமகனும் விட்டுவிட்டான். வருகிற காசுக்குப் பின்னால் மாதம் இருபது மணி நேரமாவது வேலை இருக்கிறது.

விற்றதில் பாதிக்கு மேல் அப்பா வருகிற படங்கள், பிரஷர், சர்க்கரை, போனில் டாக்டரோடு பேசுவது. அடுத்தது நாற்று நடவு, கைகள் மட்டும் தெரிகிற இரண்டு ஃப்ரேம். கோயில் படங்கள் எல்லாம் சேர்த்து ஆறோ ஏழோ விற்றிருக்கும்.

2022 ஜனவரியில் ஒரு படத்துக்கு வருகிற தொகை திடீரென்று குறைந்து அவர் பதறினார். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில், விற்பனை கூடக்கூடப் பங்கு 15 சதவீதத்திலிருந்து 40 வரை ஏறும், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1-லும் எல்லாரும் திரும்ப முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு நிலையாக 33 சதவீதம். இது தெரிந்த பிறகு ஜனவரி வரவை வைத்து எந்தக் கணக்கும் போடுவதில்லை.

2022 டிசம்பரிலிருந்து ஏஐ உருவாக்கிய படங்களை அடையாளமிட்டு விற்க அடோபி ஸ்டாக் அனுமதித்தது. சூரிய அஸ்தமனம், பூ, வெறும் பின்னணி என்று அவர் ஏற்றிய வகைகள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயின. ஆட்கள் வருகிற படங்கள் இன்னும் நகர்கின்றன. எத்தனை நாளைக்கு என்று அவருக்குக் கவலை உண்டு, எனக்கும் உண்டு.

திரும்ப ஆரம்பித்தால்

டிஸ்க்கைத் தொடவே மாட்டேன் என்கிறார். முதல் நாள் செய்ய வேண்டியது பான் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் ஒரே பெயரில் திறப்பது, அதற்கடுத்த வேலை வீட்டில் இருப்பவர்களிடம் ரிலீஸ் பற்றிப் பேசுவது, கேமராவை வெளியே எடுப்பது மூன்றாவதுதான் என்பது அவர் கணக்கு. நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: முதல் ஐம்பது படத்தை ஏற்றிவிட்டு ரிவ்யூ முடிவு வரும்வரை அடுத்ததை ஏற்றாமல் இருந்திருக்கலாம். 310-ஐ ஒரே மாதத்தில் கொட்டியதால், ஒரே தவறை இருநூற்றுச் சொச்சம் தடவை செய்தோம். பொங்கல் படங்களையும் தையில் எடுத்துத் தையிலேயே ஏற்றி இரண்டு வருஷம் வீணானது, வாங்குபவர்கள் தேடுவது அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். இப்போது இந்த வருஷத்துப் பொங்கலை அடுத்த வருஷத்துக்காக எடுக்கிறார், ஐப்பசியில் ஏற்றுகிறார்.

அந்த மருதாணிப் படத்துப் பெண்ணின் வீட்டில் 2023-ல் வளைகாப்பு வந்தது. அவரைத்தான் கூப்பிட்டார்கள். புது பில்லில் இருந்த வரியை அந்த அண்ணன் நின்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.